கேஷ்

ஒரே பக்கத்தை நூறு தடவை
சர்வரிடம் கேட்பானேன் என்று
வண்ணாரப்பேட்டை மாடியில் உட்கார்ந்து
முகப்பை அப்படியே சேமித்து வைத்தேன்.
நாலு நொடி அரை நொடியாயிற்று.
மேனேஜர் டீ சொன்னார்.

பெயர் சொல்லி வரவேற்கும் வரியை
அதற்கு முந்தின வாரம்தான் எழுதியிருந்தேன்.
இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

காலை ஆறே காலுக்கு முக்கூடலிலிருந்து போன்.
"எய்யா, நான் பிரம்மசக்தி.
இதுல வணக்கம் மைதீன் பாத்துன்னுல்லா வருது."

மேலப்பாளையத்தில் முதலில் திறந்தவளின் பக்கம்
எல்லோருக்கும் போயிருக்கிறது,
எண்ணூறு பீடி
கழிவு நூற்றிருபது
என்கிற கணக்கோடு.

"கேஷ் பிரச்சினைம்மா."
"அது எங்களுக்குந்தான் இருக்கு."

பெயர் வரும் இடத்தை மட்டும் சேமிக்காதே என்று
ஒரு வரி சேர்த்தேன்.
பழையதையெல்லாம் அழித்தேன்.
மறுபடி திறக்கச் சொன்னேன்.

"ஆங், எம்பேரு வந்துட்டு."
போனை வைக்காமல் நின்றாள்.
"அந்தப் பாத்துக்கு எதுக்குய்யா அவ்வளவு கழிவு?
அதே கம்பெனி, அதே இலை.
எனக்கு நாப்பதுதான் பிடிக்கான்.
அவகிட்டச் சொல்லிருங்க."

பாத்துவின் எண் திரையில் இருந்தது.
நான் கூப்பிடக் கூடாத எண்.
மேனேஜர் வந்து, எல்லாம் அழிச்சாச்சா என்றார்.
ஆச்சு என்றேன்,
உள்ளங்கையை மூடிக்கொண்டு.