இரவு இரண்டு நாற்பத்தொன்று

ரியேகா துறைமுகத்தில் அன்று புரா வீசவில்லை.
மலைமுகட்டில் வெள்ளைத் தொப்பி மட்டும் இருந்தது.
அது வந்துவிட்டால்
காற்று பின்னாலேயே வரும் என்பது
இங்கே நாய்களுக்கும் தெரியும்.

நூற்று எண்பத்தாறு டன் மின்மாற்றி.
எண்ணெயை வடித்துவிட்டு
உலர்ந்த காற்றை அடைத்திருந்தார்கள்.
கடலின் ஈரம் ஒரு சொட்டும் உள்ளே போகாதிருக்க
மொந்தெவிதேயோ வரை அது
மூச்சைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும்.

என் வேலை
அதற்கு உட்கார இடம் செய்து கொடுப்பது.
கப்பல் தளத்தின் மேல் ரப்பர், ரப்பரின் மேல் ஓக் பலகை.
இரும்பும் இரும்பும் நேராகத் தொட்டால் வழுக்கும்.
நடுவில் ஒரு மரம் வேண்டும்,
சண்டைக்காரர்களின் நடுவே
எதுவும் பேசாமல் நிற்கும் ஆள்போல.

உதிரிகளின் பெட்டிகளில்
ஒயின் கோப்பை, குடை,
மேல்நோக்கிய இரண்டு அம்புகள்.
எந்த மொழியும் தெரியாதவருக்கும் புரியட்டும் என்று
யாரோ வரைந்த படங்கள்.
கடலுக்குப் படமும் புரியாது.
அதனால்தான் சங்கிலி.

மின்மாற்றியின் தோளில்
ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி.
ஒரு ரொட்டியின் கனம்தான்.
அதிர்ந்தால், எந்த நேரத்தில், எவ்வளவு என்று
எழுதி வைத்துக்கொள்ளும்.
யார் என்று கேட்காது.

கிரேனில் வியேகோ.
ஓய்வுக்கு இன்னும் பதினோரு வாரம்.
தூக்கியாயிற்று, திருப்பியாயிற்று,
கப்பலின் வாய்க்கு மேலே கொண்டுவந்தாயிற்று.
அப்போதுதான் மலை தொப்பியைக் கழற்றியது.

வீடு மாறித் தட்டிவிட்டவர்
உடனே கையை இழுத்துக்கொள்வாரே,
அப்படி ஒரு சத்தம்.
ஒன்றே ஒன்று.

கணக்கெழுதும் ஸ்டான்கோ மூக்கைச் சிந்தினான்.
ஜார்ஜியாக்கார மேட் தேநீருக்குப் போயிருந்தார்.
கதவு விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்குப்
பெயிண்ட் பெயர்ந்திருந்தது.
லுச்சானோ சாம்பல்நிற டப்பாவும் பிரஷுமாக வந்தான்,
யாரும் கூப்பிடாமலேயே.
ஐந்து நிமிடத்தில் காயம் இல்லை.

"ஏற்றும்போது நிகழ்ந்தவை" என்ற கட்டத்தில்
"ஒன்றுமில்லை" என்று எழுதினேன்.
என் கையெழுத்து அவ்வளவு அழகாக
ஒருநாளும் இருந்ததில்லை.

முப்பத்துநான்கு நாள் பயணம்.
ஜிப்ரால்டர் தாண்டியது. கேனரித் தீவுகள் தாண்டியது.
இரவுகளில் அந்தத் தாளை நினைத்துக்கொள்வேன்:
கடல் போட்ட சின்னச் சின்னப் புற்கள்,
புள்ளி மூன்று, புள்ளி நான்கு.
எல்லாவற்றுக்கும் முன்னால்,
துறைமுகம் விட்டே கிளம்பாத நேரத்தில்,
தனியாக நிற்கும் ஒரு கம்பம்.

பத்தொன்பதாம் நாள் வியேகோவைக் கூப்பிட்டேன்.
வெகுநேரம் இருமினான்.
"மறுநாளே சொல்லியிருப்பேன், நெவென்கா.
தாளில் உன் கையெழுத்து இருந்தது."
நானோ அவனுடைய பதினோரு வாரத்தை
எண்ணிக்கொண்டிருந்தேன்.
இரண்டு பேரும்
ஒருவருக்கொருவர் பஞ்சு வைத்து அடைத்திருக்கிறோம்,
சரக்குக்கு வைக்க வேண்டிய இடத்தில்.

காலையில் சேர்ந்து போய்ச் சொல்லலாம் என்றோம்.
காலையில் அவனுக்குக் காய்ச்சல்.
அடுத்த நாள் எனக்கு வேறொரு கப்பல்.
இப்படியே தென் அட்லாண்டிக் முழுதும் கடந்துபோயிற்று.

முப்பத்தைந்தாம் நாள் ஒரு கடிதம்.
இதுர்ரால்தே என்று ஒரு பெண் பொறியாளர்.
கோபம் இல்லை, வணக்கமும் இல்லை.
"அதிகபட்சம் மூன்று புள்ளி ஒன்று.
இரவு இரண்டு நாற்பத்தொன்று, உங்கள் நேரம்.
விவரம் தெரிந்தவர் யாராவது உண்டா?
தெரிந்தால் எந்தப் பக்கத்தை முதலில் திறப்பது என்று
முடிவு செய்வோம்."

எந்தப் பக்கம்.
அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"இடதுபக்கம், கீழ்மூலை," என்று அடித்தேன்.
பிறகு அதற்கு மேலே போய்
"உண்டு" என்று சேர்த்தேன்.
பிறகு என் பெயர்.
வியேகோவுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.
தன் பெயரை அவனே போட்டுக்கொள்ளட்டும்.

உள்ளே செப்புச் சுருள் நலமா என்று தெரிய
மூன்று நாள் ஆகுமாம்.

கீழே அடுத்த சரக்கு வந்து நிற்கிறது,
யாரோ ஒரு பணக்காரரின் படகு,
பொட்டலம் பிரிக்காத பொம்மைபோல வெள்ளைச் சுருட்டில்.
ரப்பர் விரிப்பு போதவில்லை என்று சத்தம் போடுகிறார்கள்.
புதிய தாளில் தேதி எழுதினேன்.
மலையைப் பார்த்தேன்.
அந்தக் கட்டத்தைத் தொடவில்லை.