மாகாணிக் கணக்கு

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக் கிடக்கும்
நாற்பது நிமிடம்தான் என் சோதனைச்சாலை.
லாரியின் உறுமல், சைலன்சர் ஓட்டையான பைக்,
வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர் தொண்டை,
இத்தனைக்கும் நடுவே ஆட்டோவின் பின்சீட்டில்
நான் சொல்வதை வைரக்கண்ணு திருப்பிச் சொல்ல வேண்டும்.

“எலுமிச்சை” என்றேன்.
“எருமை” என்றார்.
குறித்துக்கொண்டேன்.

பொதுப்பணித்துறை லஸ்கர். அதற்கு முன்
பதினோரு அறுவடைக்கு பெல்ட் வண்டி ஓட்டியவர்.
என்ஜின் பக்கத்துக் காது எட்டாவது வருடமே போயிற்று.
மற்றதில் நான் மாட்டிவிட்டது புளியங்கொட்டை அளவு.
அதற்குள் ஒரு நியூரல் நெட்வொர்க்.
அதற்குச் சோறு, சட்டைப் பொத்தான் போலொரு பேட்டரி.

சென்னையில் பிறந்தபோது அதனிடம்
எட்டு லட்சம் எடைகள்.
ஒவ்வொன்றும் முந்திரி தாண்டிக் கீழ்முந்திரி வரை துல்லியம்.
பெரிய கணினியில் விசிறி சுழலச் சுழல
மகாராணி மாதிரி யோசிக்கும்.
காதுக்குப் பின்னால் அது கட்டுப்படி ஆகாது.
எட்டு மில்லி செகண்டுக்குள் பதில் வராவிட்டால்
பேசுகிறவன் குரல் அவனுக்கே இரண்டு தடவை கேட்கும்,
கிணற்றுக்குள் இன்னொருவன் நிற்பதுபோல.

வெட்டினேன்.
எல்லா எடையையும் மாகாணிக்கு முழுதாக்கினேன்.
பதினாறு படிகள், நடுவில் எதுவும் கிடையாது.
பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தவற்றைக்
கோரை பிடுங்குவதுபோலப் பிடுங்கினேன்.
யாரும் பேசாத நேரம் தூங்கட்டும் என்று முறை வைத்தேன்.
முறைத் தண்ணீர் இந்த ஊருக்குப் புதுசா என்ன.

அறுபதாயிரம் மிஞ்சியது.
பேட்டரி பதினெட்டு மணி நேரம் நின்றது.
கேட்டில் எலுமிச்சை எலுமிச்சையாகவே திரும்பியது.
அன்றிரவு மசால் தோசை தின்று கொண்டாடினேன்,
தனியாக.

மறுவாரம் மதகிலிருந்து போன்.
“பேச்செல்லாம் கண்ணாடி மாதிரி கேக்குதும்மா.
தண்ணிய எங்க வச்சிங்க?”

புரியவில்லை. போனேன்.
ஷட்டருக்குக் கீழே நுரைத்து விழுகிறது ஆறு.
அவர் காதில் அது இல்லை.
விடாமல் ஒரே சீராக இரைவதெல்லாம் இரைச்சல்
என்று சொல்லிக் கொடுத்தது நான்தான்.
ராத்திரியில் அளவுப் பலகை தெரியாது.
எந்தக் கண் எத்தனை அங்குலம் திறந்திருக்கிறது என்பதை
அவர் சத்தத்தில்தான் வாசிக்கிறார்.
“காது மந்தமா இருந்தப்பகூட கொஞ்சம் கேட்டுச்சு” என்றார்,
கோபமே இல்லாமல். அதுதான் உறைத்தது.

தண்ணீரைத் திரும்ப விட நாலாயிரம் எடை வேண்டும்.
கையிருப்பு இல்லை. யாரிடம் பிடுங்க?
விடிய விடிய அடுக்கடுக்காகத் துழாவினேன்.
அகப்பட்டது.
பீங்கான் தட்டில் முள்கரண்டி உரசும் ஓசையை
அடக்குவதற்கென்றே ஒரு மூலை
கொழுத்துக் கிடந்தது.
எந்தக் குளிர்நாட்டு உணவகத்தில் பதிந்த ஒலியோ.
வாழை இலையில் எது உரசப்போகிறது?
அங்கே அடைத்து
இங்கே திறந்தேன்.

ஆனால் ஆறு வாய் மூடாது.
மதகில் நிற்கும்வரை வலைக்கும் தூக்கமில்லை.
பதினெட்டு மணி பதினான்கானது.
அதிலும் கடைசி மணி, கடைமடை மாதிரி, வந்தால் உண்டு.
அறிக்கையில் பின்னடைவு என்று எழுதினேன்.
எழுதத்தானே வேண்டும்.

ஆடி பதினேழு. இரவு இரண்டே கால். போன்.
“மூணாங் கண்ணு கொரலு சரியில்ல.
ஆகாயத்தாமர அடச்சிருக்கும். அலக்கு எடுத்துட்டுப் போறேன்.”
“இப்பவா? இருட்டுலயா?”
“பேட்டரி பீப்பு அடிக்குது.
இனிமே நீங்க பேசுறது எனக்குக் கேக்காது.
நீங்க கேளுங்க, இந்தா.”

போனைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டியிருக்க வேண்டும்.
காதோடு அழுத்திப் பிடித்தேன்.
ஒன்றுமே இல்லை, துடைத்துவிட்ட மாதிரி.

போனுக்குள்ளும் யாரோ என்னைப் போல ஒருத்தி
ஆற்றை இரைச்சல் என்று எழுதி வைத்திருக்கிறாள்.