காலி எடை

பர்கூர் மேம்பாலம் இறங்கினால் இடப்பக்கம்
எண்பது டன் தாங்கும் எடைமேடை.
கண்ணாடிக் கூண்டுக்குள் நான்.
கல் லாரிக்கும் மாங்காய் லாரிக்கும்
சீட்டு ஒரே காசு.

வண்டி ஏறி நின்றதும்
"எறங்குங்கண்ணா" என்பேன்.
ஆளோடு சேர்த்து எடை போடுவதில்லை இங்கே.
திம்மராயன் மட்டும் இறங்கமாட்டார்.
"நான் என்ன அவ்ளோ கனமா?"
கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து,
நாக்கைக் கடித்துக்கொள்வார்.

மார்கழியில் ஓசூரில்
வயிற்றை நீளவாக்கில் நறுக்கி
வாழைக்காய் அளவு மிச்சம் வைத்துத் தைத்தார்கள்.
மூன்றேகால் லட்சம்.
பாதி, வீட்டுக்காரர் டெம்போவை விற்றது.
மீதி, நாத்தனாரின் சங்கிலி.
அது இன்னும் அடகுக்கடையில் இருக்கிறது
அதுவும் எடை குறையாமல்.

நூற்று இருபத்துமூன்றில் போய்ப் படுத்தேன்.
முதலில் மளமளவென்று இறங்கியது.
பிறகு நூற்றுநான்கு.
பெங்களூரா வரத்து முடிந்து நீலம் வந்தது,
நூற்றுநான்கு.
ஆடி பிறந்தது.
வளையலைக் கழற்றி ஏறினேன்,
மூச்சை வெளியே விட்டு ஏறினேன்,
மிஷினைச் சமையலறையிலிருந்து நடைக்கு நகர்த்தி
அங்கேயும் ஏறினேன்.

டாக்டர் சொன்னார்:
"கல்லு மாதிரி நிக்கும்மா, அப்புறம் தானா நகரும்."
கல்லைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்.
ஜகதேவிப் பக்கத்திலிருந்து நாளைக்கு நாற்பது கல் பார்க்கிறேன்.
எதுவும் தானாக நகர்ந்து வந்ததில்லை.

பக்கத்துக் கட்டிலில் அன்றைக்கு ஜபீன்.
அதே நாள், அதே கத்தி.
வெள்ளிதோறும் போனில்
எண்ணைச் சொல்லிக்கொள்வோம்.
அவளுக்கு முப்பத்தொன்று குறைந்தபோது
எனக்குப் பத்தொன்பது.
இப்போது கேட்டால்
"மிஷின்ல பேட்டரி தீந்துபோச்சுக்கா" என்கிறாள்.
மூன்று வெள்ளியாக அதே பேட்டரி.
அவள் என்னைவிட இளைத்ததைத் தாங்கிக்கொண்டேன்.
இந்தப் பொய்தான் இறங்கவில்லை,
களி மாதிரி நெஞ்சில் நிற்கிறது.

களி என்றதும் ஞாபகம்.
இரண்டு உருண்டை உள்ளே போன வாய்
இன்று நெல்லிக்காய் அளவு கிள்ளி
முப்பது தரம் மெல்லுகிறது.
மாமியாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை:
"களியப் போயி மெல்லுவாங்களாடி!"
எனக்கும் சிரிப்பு வந்தது.
சிரித்தால் தையல் வலித்த காலம்
எப்போது போனது என்று தெரியவில்லை.

செருப்பு வார் ஒரு துளை உள்ளே போயிருக்கிறது.
யாரிடமும் சொல்லவில்லை.
பாதம் இளைத்ததற்கு யார் பாராட்டுவார்கள்?

நேற்று ராத்திரி ஒன்றரை மணி.
சாலையில் ஈ காக்கை இல்லை.
மேடையில் ஒரு குட்டிநாய் படுத்திருந்தது,
பலகையில் பூஜ்யம்.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ண வரும்,
மற்றதெல்லாம் அதற்குச் சில்லறை.

நாயை விரட்டாமல் நானும் ஏறினேன்,
செருப்போடு, சாவிக்கொத்தோடு.
சிவப்பு எழுத்தில், நெடுஞ்சாலைக்கே தெரிய,
நூறு.
அந்த நாலு கிலோவை அது கண்டுகொள்ளவே இல்லை.
மார்கழிக்கு முன்னால் ஏறியிருந்தால்
நூற்றிருபது காட்டியிருக்கும்.
ஏழு மாதப் பட்டினி
அதற்கு ஒரே ஒரு படி.
அதன் கண்ணுக்குத் தெரிகிற
ஆகச் சிறிய அசைவு.

கூண்டுக்குள் லோகேஷ், எடுபிடிப் பையன்,
விளையாட்டுக்குச் சீட்டு அடிக்கப் போனான்.
வண்டி எண் கேட்டது, என் பேரைப் போட்டான்.
மொத்த எடை தானாக விழுந்தது.
"அக்கா, காலி எடை கேக்குது,
எவ்ளோ போடட்டும்?"

நாய் வாலை ஒருமுறை தட்டியது.
எனக்கு உடனே பதில் வரவில்லை.
எதையெல்லாம் இறக்கிவிட்டால் காலி என்பார்கள்,
அதில் என்னை எங்கே நிறுத்துவார்கள்.

"விட்றா. வண்டி திரும்பி வர்றப்பப் போட்டுக்கலாம்."

அதற்குள் வளைவில் விளக்கு.
இறங்கினேன், நாயும் இறங்கியது.
முன்சக்கரம் ஏற மேடை ஒருமுறை முனகி
நாற்பத்திரண்டு டன்னில் நின்றது.
திம்மராயன்.
இறங்கவில்லை.
நானும் சொல்லவில்லை.