மறுகா

இரவு இரண்டே முக்கால். மட்டக்களப்பு ஆசுபத்திரி ஆய்வுகூடம்.
ஊரவர் வெள்ளையணுக்களை எண்ணுவது என் வேலை.
என்னுடையவை என் விரல் மூட்டுக்களைத் தின்றுகொண்டிருக்கின்றன.
இன்றைக்கு இடக்கை நடுவிரல்
கையுறைக்குள் போக மறுத்தது.
ஜெசிந்தா ஒன்றும் கேட்கவில்லை.
ஒரு சைஸ் பெரிதாய் எடுத்து
மேசையில் வைத்துவிட்டு
டெங்கு வார்ட்டுக் குழாய்களை அடுக்கப் போனாள்.

பதினோராவது நாளாக மழை.

கலத்தின் முற்றத்தில் ஒரு புரதம் நிற்கிறது.
அதை இன்னொன்று இறுகப் பிடித்திருக்கிறது,
உள்ளே விடாமல்.
வெளிச்சுவரில் தட்டுகிறார்கள்:
நுளம்பு கொண்டுவந்த வைரஸ்,
ஆணி ஏறிய காலின் சீழ்,
அல்லது, என் விஷயத்தில்,
ஒருவருமேயில்லை.
தட்டியதும்
பிடித்திருந்தவளுக்கு முத்திரை குத்தி
இழுத்துப்போய்த் துண்டாடுகிறார்கள்.
விடுபட்டது கருவுக்குள் ஓடுகிறது.
இரண்டு மீட்டர் நூல், சுருண்டு கிடக்கிறது.
அதில் தன் பத்தெழுத்தைத் தேடி
விரலை வைத்து
இங்கிருந்து வாசி என்கிறது.

எழுத்தெழுத்தாகப் படி இறங்குகிறது.
காய்ச்சல். வீக்கம். ஆட்களை அனுப்பு.

வந்தாறுமூலையில் மூன்றாம் வருடம்
இந்த இடத்தில்தான் பேனையை வைத்துவிட்டு
வகுப்பு யன்னலைப் பார்த்தேன்.
முதலில் இறங்கும் படிகளிலேயே
வெட்டுண்டவளின் பெயர் இருக்கிறது.
அவளைக் கொன்று உள்ளே வந்தது
அவளைத்தான் மறுகா எழுதுவிக்கிறது.
அவள் எழும்பி வந்து
நூலிலிருந்து அந்த விரலை எடுத்து
கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போகிறாள்.
நூறு நிமிடம் அளவில்.
மறுகா தட்டல். மறுகா விரல்.
பரீட்சையில் அந்த அம்புக்குறியைத் திருப்பிப் போட்டு
இரண்டு புள்ளி இழந்தேன்.

என் கலங்களுக்கும்
யாரோ திருப்பித்தான் போட்டிருக்கிறார்கள்.

டொக்டர் ஃபஸ்மினா மருந்தைக் குறைத்திருக்கிறார்:
ஏழரை மில்லிகிராம், வருகிற மாதம் ஐந்து.
பிளேடால் குளிசையைப் பாதியாக்குகிறேன்.
ஒருபோதும் சரிபாதி வராது.
பொடியையும் நக்கிக்கொள்கிறேன்.
அதுவும் கருவுக்குள் போகும்,
வாசிக்கச் சொல்பவனின் தோளில் கைவைக்கும்.
போதும் எழும்பு.
சில நாட்களில் எழும்புகிறான்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் கண்ணாடி. கிரான், பெண்பிள்ளை, ஆறு வயது.
ஊதாச் சாயத்தில் ஒரு பெரிய கலம்,
அவரை விதைபோல் வளைந்த கரு.
சாயம் ஊற்றிய நொடியில்
எந்த எழுத்தில் நின்றிருக்கும் வாசிப்பு?
இந்தக் கண்ணாடிக்கு அது தெரியாது.
இது எத்தனை பேர் என்று மட்டும் சொல்லும்.
தொண்ணூற்றியாறு. தொண்ணூற்றியேழு.
எண்ணியின் பொத்தானை அழுத்த
விரல் மடிகிறது, ஒருவாறு.

நாலரைக்கு வரோதயன் போன் எடுத்தான், திராய்மடுவிலிருந்து.
கச்சேரிக் கூட்டத்தில் வயற்காரர் கத்தினார்களாம்,
இறால்காரர் வேண்டாம் என்றார்களாம்,
கடைசியில் பெக்கோவைக் கொண்டுபோய்
ஆற்றுவாயை வெட்டிவிட்டார்களாம்.

"தண்ணி இறங்குது அக்கா. அடுப்படிப் படி தெரியுது."

"மறுகா?"

"மறுகா என்ன,
கடல் மண்ணைக் கொண்டுவந்து மூடும்.
அதுக்கு ஆர் சொல்லோணும்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கடலுக்கு எழுதவாசிக்கத் தெரியாது.
தொண்ணூற்றியெட்டில் விட்டிருந்தேனா,
தொண்ணூற்றியேழிலா?
முதலிலிருந்து எண்ணுகிறேன்.