முந்நூறு கிராம்

கரண்ட் போன ஒரு மத்தியானம்.
பதினாறு தறியும் ஒரே மூச்சில் நிற்க,
கொட்டாவி விட்டதும் அடைப்பு விடும் காதுபோல
கொண்டலாம்பட்டி திறந்துகொண்டது.
ஒரு காக்கா.
யார் வீட்டிலோ கடுகு வெடிக்கிறது.
வெளியே வரும்போது காலி ஆயில் டின்னை
கால் இடறி உதைத்தேன்.
டங்.
சத்தம் ஒவ்வொன்றாகவும் வரும் என்பது
எனக்கு மறந்தே போயிருந்தது.

டின்னை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.
கழுத்துக்கு, முதலாளி எறியச் சொல்லி
நான் எறியாமல் வைத்திருந்த பிக்கிங் ஸ்டிக்.
கம்பிக்கு, மொபெட் பிரேக் வயர்;
பிரித்தால் பத்தொன்பது இழை.
இழை பிரிக்க எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்?
குதிரைக்குத்தான் அலைந்தேன்.
தீப்பெட்டி நசுங்கியது,
சோப்பு டப்பா வழுக்கியது,
போன சித்திரையில் தின்று கூரைமேல் வீசிய
மல்கோவாவின் கொட்டை ஓடு
அப்படியே நின்றது.

முதல் இழை அறுந்து கன்னத்தைக் கீறியது.
"தறி கடிச்சிருச்சா?" என்றாள் பாவாயி.
ஆமாம் என்றேன்.
இரண்டாவதும் மூன்றாவதும்
அறுந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

கரண்ட் இல்லாத நேரம் பார்த்துத்தான்
தட்டிப் பழகினேன்.
ஊரே அமைதி, ஆனால்
நேற்று முறுக்கிய இடம் இன்று அங்கே இல்லை.
எதோடு ஒப்பிட்டு முறுக்குவது?
தூக்கம் வராத ஓர் இரவில் கேட்டது:
தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர்
ம்ம்ம் என்று, வருஷக்கணக்காக, ஒரே இடத்தில்.
கம்பியை அதன் பக்கம் மெல்ல ஏற்றினேன்.
இரண்டும் உரசித் துடித்தன.
கிட்டே போகப் போகத் துடிப்பு தளர்ந்து,
தளர்ந்து,
நின்றது.
உள்ளங்கையில் டின் சூடானதுபோல் இருந்தது.
அது பிரமையாகவும் இருக்கலாம்.

மோனிஷாவின் நெயில் பாலிஷை எடுத்து
கட்டையில் புள்ளி வைத்தேன்.
சுரண்டினேன். வைத்தேன்.
சினிமாப் பாட்டு எதுவும் பிடிபடவில்லை.
விரல் தானாகப் போய் நின்றது
தினம் பத்து மணிக்கு வருகிற குரலில்:
பழைய இரும்பு, ஈயம், பித்தளேய்...

ஞாயிற்றுக்கிழமை அதை வாசித்துக்கொண்டிருக்கையில்
வாசலில் சைக்கிள் நின்றது.
"இந்தத் தெருவுக்கு வேற ஆளு வந்துட்டானா?"
மாதையன் உள்ளே எட்டிப்பார்த்தார்,
டின்னை வாங்கிக் கையில் தூக்கி நிறுத்தார்.
"முந்நூறு கிராம். தகரம்.
குச்சியைக் கழிச்சா எட்டு ரூபா."
குடுக்கிறதுக்கு இல்லைங்க.
"அப்ப வாசி."
வாசித்தேன்.
"கடைசியில இறங்கணும். நீ ஏத்துற."
இறங்கலாங்க.
அதுக்குக் கீழே என்கிட்ட கம்பி இல்லை.
அவர் யோசித்தார்.
தராசுக்காரர், சட்டென்று எதையும் சொல்லமாட்டார்.
பெடலை மிதித்துப் போய்விட்டார்.

புதன்கிழமை பத்தே காலுக்கு கரண்ட் போனது.
பாவாயி தண்ணீர் குடிக்கப் போனாள்.
இரண்டு தெரு தள்ளி
மாதையனின் குரல்:
இரும்பு, ஈயம்,
பித்தளே...
அங்கே ஒரு கணம் தயங்கி,
ஏய் என்று
மேலே ஏறி நின்றது.

திரும்ப ஒருமுறை கேட்பதற்குள்
தறிகள் ஓட ஆரம்பித்துவிட்டன.