பங்குனியில் ஒரு செவ்வாய்

விடிந்ததும் தைராய்டு,
சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை,
ராத்திரி பிரஷர்.
நூற்றுப் பதினெட்டு நாளுக்கு,
பத்து நாள் உபரி சேர்த்து
முந்நூற்று எண்பத்து நான்கு மாத்திரை.
முத்தியால்பேட்டை மருந்துக்கடைப் பையன்
"கடை வைக்கப்போறீங்களாம்மா?" என்றான்.
"உலகத்தைச் சுத்தப்போறேன்பா."
சீட்டைத் திருப்பிப் பார்த்தான்,
எந்த டாக்டர் எழுதியது என்று.

ஜிப்மரில் முப்பத்து நாலு வருஷம்.
பணம் கைக்கு வந்த அன்றே முடிவு செய்துவிட்டேன்.
போதாததற்கு சேதராப்பட்டு மனை.
மகள் போனில் அழுதாள்.
மருமகன் அழவில்லை, கணக்குப் போட்டான்.
சுண்ணாம்பாற்றுப் படகிலேயே வாந்தி எடுத்தவர்
கலியபெருமாள்,
"நீ போயிட்டு வா,
பால் கணக்கை நான் பாத்துக்கறேன்" என்றார்.
கல்யாணமாகி இத்தனை வருஷத்தில்
அவர் எனக்குச் சொன்ன பெரிய வாக்கியம் அதுதான்.

இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் கூடாது.
பருப்புப்பொடியை எடுத்துவிட்டு ஸ்வெட்டரை வைத்தேன்.
ஸ்வெட்டரை எடுத்துவிட்டுப் பருப்புப்பொடியை.
கடைசியில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே
கொச்சி வெயிலில் கப்பலேறினேன்.

மலிவான அறை, ஜன்னல் கிடையாது.
கடலைப் பார்க்க ஏழு மாடி ஏறவேண்டும்.
எங்கள் வீட்டிலிருந்து ஏழு நிமிஷ நடை;
அதையே நான் எந்த மாதம் நடந்தேன்?
கூட இருந்தவள் நாக்பூர்க்காரி வசுந்தரா.
அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு மராத்தி வராது.
முழங்காலைத் தொட்டுக் காட்டுவாள்,
நானும் என்னுடையதைத் தொட்டுக் காட்டுவேன்.

அட்லாண்டிக்கில் ஆறு நாள் கரையில்லை.
மூன்றாம் நாள் பாதிக் கப்பல் வாந்தி.
யாரும் கூப்பிடவில்லை,
கை கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.
முதுகைத் தடவ
பாஷை எதற்கு?
பனாமாவில் தண்ணீரை நிரப்பி எங்களைத் தூக்கினார்கள்.
எல்லோரும் படமெடுத்தார்கள்.
நான் சுவரில் ஒரு கோட்டையே பார்த்து நின்றேன்,
சலைன் மட்டம் பார்த்த பழக்கம்.

மேற்கே போகப்போக
ராத்திரியில் ஒரு மணி நேரம் கூடும்.
கடிகாரத்தைப் பின்னால் திருப்பச் சொல்வார்கள்.
நைட் டூட்டியில் கெஞ்சியும் கிடைக்காத மணிநேரங்கள்
இனாமாய் வந்தன.
தூங்கித் தீர்த்தேன்.
பசிபிக் நடுவில் மொத்தமாக வசூலித்துக்கொண்டார்கள்:
திங்கள் இரவு படுத்தோம்,
புதன் விடிந்தது.
கேப்டன் கையெழுத்தோடு சான்றிதழ் வேறு.

சிங்கப்பூர் தாண்டியபின் ஓர் இரவு
ஏழு மாடியும் ஏறி வடமேற்கே பார்த்தேன்.
அங்கே எங்கள் கலங்கரை விளக்கம் இருக்கவேண்டும்.
நல்ல இருட்டு.
"வண்டி எத்தனை மணிக்கு?" என்று
அவர் அனுப்பியது மறுநாள் வந்து சேர்ந்தது.

வீட்டில் டப்பாவைக் கவிழ்த்து எண்ணினேன்.
முப்பது மிஞ்சவேண்டும், முப்பத்து மூன்று.
ஒருவேளை மருந்துகூடத் தவறவிடாதவள் நான்.
திரும்ப எண்ணும்போதுதான் உறைத்தது,
நான் விழுங்காத செவ்வாய்க்கிழமை.

அடுப்படிக் கதவின் பின்னால் காலண்டர்.
நாள் தவறாமல் அவர் கையெழுத்து:
அரை, அரை, அரை, அரை.
அந்தச் செவ்வாயில் மட்டும்
ஒரு லிட்டர்.

"யாருங்க வந்தாங்க?"
"என்னிக்கு?"
"நான் இல்லாத அன்னிக்கு."
"நீதான் நாலு மாசமா இல்லையே."
விரல் வைத்துக் காட்டினேன்.
கண்ணாடி போட்டுப் பார்த்தார்,
கழற்றிவிட்டும் பார்த்தார்.
"யாராவது வந்திருப்பாங்க" என்றார்.

வாரம் மூன்றாகிறது.
கெய்ரோவைக் கேட்கிறார்கள், சிட்னியைக் கேட்கிறார்கள்.
பாதிப் பேச்சில் எழுந்துபோய்க்
கதவின் பின்னால் பார்த்துவிட்டு வருகிறேன்.
அரை லிட்டர் அதிகம்.
காபி என்றால் நாலைந்து பேர்.