மூன்றாம் தசமம்

காத்திருந்த மாதங்களுக்கு இத்தனை,
வயதுக்கு இத்தனை,
திசு ஒத்துப்போவதற்கு இத்தனை என்று
எடைகளைப் போட்டவன் நான்தான்,
கீழ்ப்பாக்கத்தில், ஏசி ஓடாத ஒரு அறையில்.
எல்லாம் கூட்டினால் ஒன்று வரவேண்டும்.
வந்தது.

ஒற்றைச் சிறுநீரகம் ஐஸ்பெட்டிக்குள்
பூந்தமல்லி சாலையில் வந்துகொண்டிருக்கிறது.
இருவருக்கும் ஓ பாசிட்டிவ்.
எத்திராஜுலு 0.617
மெஹராஜ் பானு 0.614

போன வாரம்தான் கேட்டிருந்தார்:
"என் கட்-ஆஃப் எவ்ளோ சார்?"
மகனின் இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில்
ரேண்டம் நம்பர்வரை கற்றுவைத்தவர்.
சொல்லக்கூடாது என்றேன்.
"பரவால்ல, அரை மார்க்குல
கிண்டி போச்சு அவனுக்கு.
எங்களுக்குப் பழக்கம்தான்."

அந்த மூன்று எங்கிருந்து வந்ததென்று
பின்னோக்கிப் போனேன்.
வயதில் இல்லை. திசுவில் இல்லை.
பதிவுத் தேதியில் இருந்தது:
டிசம்பர் மழையில் வியாசர்பாடி சுரங்கப்பாதை
மூழ்கிக் கிடந்த நாட்கள்,
பிறகு நனைந்துபோன ரேஷன் கார்டுக்கு
நகல் வாங்க அலைந்த நாட்கள்.
தண்ணீருக்கு நான் எடை போடவில்லை.
அதுவே போட்டுக்கொண்டது.

பிழை இருக்குமோ என்று
மறுபடி ஓட்டிப்பார்த்தேன்.
இல்லை,
பிழை இருக்கட்டும் என்று ஓட்டினேன்.
0.617
0.614

எத்திராஜுலுவை நான் பார்த்ததில்லை.
தொலைபேசியில் அவர் மனைவி
"நிஜமாவா, நிஜமாவா" என்றார்,
ஏழெட்டு முறை.
நிஜம்தான் அம்மா,
சாப்பிடாமல் கூட்டிவாருங்கள்.

காலையில் நான்காம் நம்பர் மெஷினில்
கையை நீட்டிப் படுத்திருந்தார் பானு.
வார்டில் செய்தி எனக்கு முன்பே நடந்திருந்தது.
நான் போர்வையைச் சரிசெய்வதுபோல் நின்றேன்.

"செகண்ட் ரவுண்டு எப்ப சார்?"